கார்டு வாங்குமுன் கரண்ட்டைப் பாருங்கள்: முதல் கேமிங் கம்ப்யூட்டர் கேள்வி-பதில்

குடியாத்தம் வாசகர்: கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. பிராசசருக்கு அதிகம் போடுவதா, கிராபிக்ஸ் கார்டுக்கா?

கேம்தான் முக்கியம் என்றால் கார்டுக்கு. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அதற்குப் போகட்டும். ஆனால் அதற்கும் முன்னால் மானிட்டரை முடிவு செய்யுங்கள். 1080பி திரையில் கார்டு ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 20.7 லட்சம் புள்ளிகளை வரைய வேண்டும். 1440பி என்றால் 36.9 லட்சம். உங்கள் பட்ஜெட்டுக்கு 1080பி திரைதான் பொருந்தும்.

பிராசசர் ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5-12400எஃப் போதும். இரண்டிலும் ஆறு கோர்தான். ஒன்றை மறக்காதீர்கள்: இந்த இரண்டிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. 'இப்போதைக்கு பிராசசர், அடுத்த மாதம் கார்டு' என்று வாங்கினால் கார்டு வரும்வரை திரையில் எதுவும் தெரியாது. கார்டைத் தள்ளிப்போடும் எண்ணம் இருந்தால் ரைசன் 5 5600ஜி மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் உள்ளதை எடுங்கள். அதற்கு ராம் ஒரே குச்சியாக இல்லாமல் இரண்டு 8 ஜிபியாகப் போடுவது கட்டாயம்.

ஆரணி வாசகர்: கேபினட்டோடு 450 வாட் எஸ்.எம்.பி.எஸ் (பவர் சப்ளை) சேர்த்தே தருகிறேன் என்கிறார் கடைக்காரர். ஆர்.டி.எக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு போடப் போகிறேன். போதுமா?

வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல்முறை அசெம்பிள் பண்ணுகிறவர்கள் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஒரு பாகத்தில்தான்.

டப்பாவின் மேலே எழுதிய 450-ஐ நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். பிராசசரும் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட் லைனில்தான் ஓடுகின்றன. அங்கே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12 பெருக்கல் 16, வெறும் 192 வாட். உங்கள் கார்டு மட்டும் 170 வாட் இழுக்கும். ரைசன் 5 5600 சுமார் 76 வாட் வரை போகும். போர்டு, எஸ்.எஸ்.டி, ஃபேன் எல்லாம் சேர்த்தால் 300-ஐ நெருங்கிவிடும். அந்த எஸ்.எம்.பி.எஸ் விண்டோஸை நன்றாகவே ஓட்டும். கேம் சூடு பிடிக்கும் நேரத்தில் அணைந்துவிடும். அணைந்தால் கூடப் பரவாயில்லை. மட்டமான எஸ்.எம்.பி.எஸ் போகும்போது போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகிற ஆபத்து உண்டு.

பெயர் தெரிந்த கம்பெனியின் 550 வாட் வாங்குங்கள். 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கட்டும், ஐந்து வருட வாரண்டி இருக்கட்டும். '80 பிளஸ் பிரான்ஸ்' முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதைத்தான் சொல்லும். பாதுகாப்புக்கு அது மட்டும் சான்று ஆகாது. நாளைக்குக் கார்டை மாற்றினாலும் இந்த எஸ்.எம்.பி.எஸ் கூடவே வரும்.

வேலூர் வாசகர்: புதிதாக அசெம்பிள் செய்த கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. போர்டு கோளாறா?

பெரும்பாலும் வீட்டில் எர்த் இல்லாததுதான் காரணம். எஸ்.எம்.பி.எஸ் உள்ளே இரைச்சலை வடிகட்டச் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் கேபினட் உடலுக்கு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணில் இறங்கிவிடும். இல்லையென்றால் கேபினட் 230 வோல்ட்டில் பாதி அளவில் நிற்கும். வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இருக்கும். கசிவு சிறியதுதான் என்றாலும் அப்படியே விடக்கூடாது, ஏனென்றால் நிஜமான கோளாறு வந்தால் காப்பாற்ற அங்கே எதுவும் இல்லை.

எலெக்ட்ரீஷியனை வைத்து அந்த பிளக் பாயின்ட்டையும் எர்த் குழியையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கம் கோடையில் மண் காய்ந்து பாளமாகிவிடுவதால் குழி இருந்தும் வேலை செய்யாது. அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். எர்த் பின்னையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து விடாதீர்கள். நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் ஏறும், உயிருக்கே ஆபத்து.

ராணிப்பேட்டை வாசகர்: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. தனி யு.பி.எஸ் தேவையா?

இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா, பின்னால் 'யு.பி.எஸ் மோட்' ஸ்விட்ச் உண்டா என்று பாருங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு நல்ல எஸ்.எம்.பி.எஸ்களே சண்டை போடும்.

தனி யு.பி.எஸ் வாங்கினால் 600 வி.ஏ என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்; அது பொதுவாக 360 வாட்தான் தரும். மானிட்டரையும் சேர்த்தால் இழுத்துப் பிடித்துத்தான் ஓடும். 1000 வி.ஏ எடுங்கள். அது கேமைத் தொடர்ந்து ஆட அல்ல, சேவ் செய்துவிட்டு முறையாக அணைக்க.

திருப்பத்தூர் வாசகர்: ராம் எது வாங்குவது, டி.டி.ஆர் 4-ஆ, டி.டி.ஆர் 5-ஆ?

உங்கள் பணம் இறுக்கமாக இருந்தால் ஏ.எம்4 (ரைசன் பிராசசர்களின் பழைய சாக்கெட்) போர்டும் டி.டி.ஆர் 4-உம். 2022-இல் வந்த ஏ.எம்5 டி.டி.ஆர் 5-ஐ மட்டுமே ஏற்கும். பிற்பாடு பிராசசரை மட்டும் மாற்ற வசதி. ஆனால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை எகிறிக் கிடக்கிறது. டி.டி.ஆர் 5-க்குக் கூடுதலாகப் போகும் பணத்தை இப்போது கார்டில் போடுவதுதான் என் யோசனை. எதை வாங்கினாலும் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் செட்டிங் திரை) எக்ஸ்.எம்.பி-யை, ஏ.எம்5 போர்டில் எக்ஸ்போ என்று இருந்தால் அதை, ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் ராம் முழு வேகத்தில் ஓடாது.

சத்துவாச்சாரி வாசகர்: நம் ஊர் வெயிலுக்கு லிக்விட் கூலர் வேண்டுமா?

ரைசன் 5 5600-க்கு வேண்டாம். எந்த ஃபேனும் அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. 25 டிகிரி அறையில் 68-இல் நிற்கும் கார்டு, கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில் 81-ஐத் தொடும். ஆகவே பணத்தைக் கேபினட்டின் முகத்தில் போடுங்கள்: கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை இழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற. மேஜையின் மூடிய அறைக்குள் கேபினட்டைத் தள்ளிவிடாதீர்கள். தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள்.

காட்பாடி கல்லூரி மாணவர்: அண்ணா, சென்னை ரிச்சி தெருவில் பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம் தம்பி, ஓட்டிக் காட்டினால் மட்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறி, கார்டுகளை வைத்து அதை ஈட்டும் மைனிங் நின்றபோது ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. இரவும் பகலும் ஓடியவை. அரை மணி நேரம் கேமோ ஸ்ட்ரெஸ் டெஸ்டோ ஓட்டச் சொல்லி, ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் பார். சீரியல் நம்பர் போட்ட பில் இருந்தால், வாரண்டி மிச்சமிருக்கிறதா என்று கம்பெனியின் இணையதளத்தில் அங்கேயே நின்று பார்த்துவிடு. 'ஓட்டிக் காட்ட இங்கே வசதி இல்லை' என்றால் காசைக் கொடுக்காதே. அடுத்த ரயிலில் ஊருக்குத் திரும்பு.

வாலாஜாபேட்டை வாசகர்: நல்ல கார்டு போட்டும் திரை கறுப்பாகவே இருக்கிறது.

எச்.டி.எம்.ஐ கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். கீழே கார்டில் உள்ள போர்ட்டில் மாற்றிச் செருகுங்கள்.