எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளில், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் சர்க்யூட் கிட்டத்தட்ட 11 வோல்ட் காட்டுகிறது. மென்பொருளில் பிழையா?

மென்பொருள் சரியாகத்தான் சொல்கிறது. லோடாக, அதாவது வெளியீட்டில் கரண்டை இழுக்க, என்ன போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான் என்று அடித்துச் சொல்வேன். மற்றதெல்லாம் பாடப்புத்தக மதிப்புகளாக இருக்கும்: ஸ்விட்சிங் 100 கிலோஹெர்ட்ஸ், இண்டக்டர் 100 மைக்ரோஹென்றி, டியூட்டி (ஒவ்வொரு சுற்றிலும் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் பங்கு) 41.7 சதவீதம்.

12-ஐ டியூட்டியால் பெருக்கினால் 5 என்ற கணக்கு, இண்டக்டரில் கரண்ட் அறுபடாமல் ஓடும்வரைதான் செல்லும். இந்த மதிப்புகளுக்குக் கரண்ட் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 0.29 ஆம்பியர் ஏறி இறங்கும். லோடு அதில் பாதியாவது இழுக்க வேண்டும். 1 கிலோ ஓம் 5 வோல்ட்டில் இழுப்பதோ வெறும் 5 மில்லிஆம்பியர். கரண்ட் பூஜ்யத்துக்கு வந்ததும் டயோடு அடைத்துக்கொள்ளும். கெப்பாசிட்டரில் சேர்ந்த சார்ஜை இழுக்க ஆளில்லாமல் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். இப்படிக் கரண்ட் அறுபடும் நிலைக்கு, அதாவது டிஸ்கன்டினியூவஸ் மோடுக்கான ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள், 10.9 வரும்.

இவ்வளவு எழுதக் காரணம், என் இறுதியாண்டு வைவாவில் இதே கதை நடந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், "ஃபார்முலாப்படி 5 வரணுமே தம்பி, சிமுலேஷன் தப்பு" என்று அறிக்கையை மூடிவிட்டார். நான் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, கர்சரை இண்டக்டர் மேல் கொண்டுபோனேன். அது கிளாம்ப் மீட்டர் படமாக மாறியதும் கிளிக் செய்து, இரண்டு சுற்று மட்டும் தெரியும்படி பெரிதாக்கினேன். சின்ன முக்கோணம், அப்புறம் பூஜ்யத்திலேயே நீளமாக ஒரு கோடு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "சரி, அடுத்த ஆள்" என்றார்.

அனுபவசாலிகள் சண்டைக்கு வர வேண்டாம். ஃபீட்பேக் இல்லாத, டயோடு போட்ட சர்க்யூட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். கன்ட்ரோலர் ஐசி இருந்தால் அதுவே டியூட்டியைக் குறைத்து 5-இல் பிடித்து வைக்கும். டயோடுக்குப் பதில் இரண்டாவது மாஸ்ஃபெட் (ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) போட்டு அதை முழு நேரமும் மாற்றி மாற்றி இயக்கினால், கரண்ட் எதிர்த்திசையிலும் ஓடும். இந்தத் தொல்லையே வராது.

மார்க்கா? அதை ஏன் கேட்கிறீர்கள். எங்கள் வகுப்பில் ஒரு குழு புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய போர்டோடு வந்தது. அதில் இருந்த எல்எம்2596 என்ற பக் கன்வெர்ட்டர் சிப் 150 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது. பைண்ட் செய்த அறிக்கையிலோ 20 கிலோஹெர்ட்ஸ். ஒருவரும் கேட்கவில்லை. எல்இடி எரிந்தது, எங்களைவிட அதிகம் வாங்கிப் போனார்கள். கேட்டால் எனக்குப் பொறாமை என்பார்கள், இருக்கட்டும்.

நீங்கள் லோடை 10 ஓம் ஆக்கி ஓட்டுங்கள். டயோடு கொஞ்சம் தின்பதால் 5-க்குச் சற்றுக் கீழே நிற்கும். தொடக்கத்தில் வோல்டேஜ் எகிறி அடங்கும். அந்த முதல் சில மில்லிசெகண்டை விட்டுவிட்டு அளவெடுங்கள்.