சிஎஸ்ஆருக்குள் நீட்சிகள் எங்கே?

கேள்வி: சிஎஸ்ஆரில் (சான்றிதழ் கேட்டு அனுப்பும் கோரிக்கையில்) மாற்றுப் பெயர்கள் (SAN) இருக்கின்றன, என் நிரலுக்கு மட்டும் அகப்படவில்லை. ஏன்?

பதில்: சான்றிதழில் நீட்சிகளுக்கு (மாற்றுப் பெயர்கள் போன்ற கூடுதல் விவரங்களுக்கு) தனிப் புலம் உண்டு. சிஎஸ்ஆரில் கிடையாது, பண்புகளுக்குள் 1.2.840.113549.1.9.14 என்ற அடையாள எண்ணின் கீழ் அவை பொதிந்திருக்கும். அதன் மதிப்பு ஒரு செட் (ASN.1 தொகுப்பு), அதற்குள் சீக்வென்ஸ் (வரிசை), அதற்குள்தான் நீட்சிகள். செட் அடுக்கை விட்டுவிடுவதே வழக்கமான சறுக்கல். பிறகு மாற்றுப் பெயர்களின் அடையாள எண்ணான 2.5.29.17-ஐத் தேடி, அதன் மதிப்பான ஆக்டெட் ஸ்ட்ரிங்கை (பைட் தொடரை) இன்னொரு முறை பிரியுங்கள். நீட்சி கட்டாயமானதா என்று சொல்லும் 'கிரிட்டிகல்' பொய் (false) என்றால் அந்தப் புலமே எழுதப்படாது. எனவே நீட்சிக்குள் மதிப்பு இரண்டாவதாகவும் வரலாம், மூன்றாவதாகவும் வரலாம்.

கையால் பிரிப்பானேன்? பைத்தானின் கிரிப்டோகிராஃபி நூலகத்தில், ஏற்றிய கோரிக்கையின் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பண்பே போதும். ஆனால் அந்த நீட்சிகள் வெறும் விண்ணப்பம்தான். சரிபார்க்காமல் சான்றிதழுக்குள் நகலெடுக்காதீர்கள்.