ஆங்கிலத்தில் ‘ஈடி’ (-ed) சேராத இறந்தகால வினைகளை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

வினையின் மூன்று வடிவங்களையும் காட்டும் மூன்று நிரல் அட்டவணையை முழுதாகப் பாடமாக்கியும் பேசும்போது ஒன்றும் வாயில் வருவதில்லை என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். எனக்கும் அதே கதைதான்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, திருகோணமலை உப்புவெளியில் ஒன்றுவிட்ட அண்ணாவின் கெஸ்ட் ஹவுஸில் வேலைக்கு நின்றேன். அட்டவணை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ‘ரைட், ரோட், ரிட்டன்’ என்று ரியூஷனில் கத்திக் கத்திப் பாடமாக்கியது. ஒருநாள் அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி, “நேற்று புறாமலைத் தீவுக்குப் போனீர்களாமே, ஆமை பார்த்தீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பார்த்தேன் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். நான் மனதுக்குள் ‘ரன், ரேன், ரன்’னில் தொடங்கி, ‘சே, செட், செட்’டைத் தாண்டி, ‘சீ, சோ, சீன்’ வந்து சேர்வதற்குள் அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டார். அவசரத்தில் “யெஸ், ஐ சீ” என்றேன். ‘ஓ, அப்படியா’ என்று நான் சொன்னதாக எடுத்திருப்பார்.

அகரவரிசையில் பாடமாக்கினால் அகரவரிசையில்தான் வரும். அதனால் முதலில் அட்டவணையைக் கலைத்து ஓசைப்படி அடுக்குங்கள். சிங்–சேங், ரிங்–ரேங், ட்ரிங்க்–ட்ரேங்க், ஸ்விம்–ஸ்வேம், பிகின்–பிகேன் ஒரு குடும்பம். பை–போட், ப்ரிங்–ப்ரோட், திங்க்–தோட், கேட்ச்–கோட், டீச்–டோட் இன்னொன்று. (தமிழில் எழுதினால் வாங்கியதும் படகும் ஒன்றாகத் தெரியும்; ஆங்கிலத்தில் ஒலி வேறு.) கட், புட், ஹிட், ஷட் எல்லாம் மாறவே மாறாத நல்ல பிள்ளைகள், அவற்றுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். ரீட் மட்டும் எழுத்தில் அப்படியே இருந்துகொண்டு வாயில் ‘ரெட்’ ஆகும்.

இவை ஏன் இப்படி என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் குறைந்தது. உயிரோசையை மாற்றி இறந்தகாலம் சொல்வது பழைய ஆங்கிலத்தில் ஓர் ஒழுங்காகவே இருந்திருக்கிறது. ஹெல்ப்புக்குக்கூட ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என்றுதான் இறந்தகாலம். அப்புறம் ஒவ்வொன்றாக ‘ஈடி’ பக்கம் சாய்ந்துவிட்டன. 2007இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பழைய ஆங்கிலத்தில் இப்படி ‘ஈடி’ வழிக்கு வராத, இன்று ‘ஒழுங்கற்றவை’ என்று சொல்லப்படும் 177 வினைகளை எடுத்துப் பார்த்தார்கள். இன்றும் அப்படியே இருப்பவை 98. அரிதாகப் புழங்கியவை சீக்கிரம் மாறியிருக்கின்றன, அடிக்கடி வாயில் வருபவை தப்பியிருக்கின்றன. பீ, ஹாவ், டூ, சே, கோ, கெட், மேக், டேக், கம், சீ என்று அதிகம் புழங்குகிற பத்தும் ஒழுங்கற்றவை. ஆகவே முழு அட்டவணையையும் கட்டிக்கொண்டு அழத் தேவையில்லை. இந்தப் பத்தோடு தினசரி வாழ்க்கைக்கு வேண்டிய முப்பது நாற்பது போதும்.

தமிழ் மட்டும் என்ன சாதுவா? போ–போனேன், வா–வந்தேன், நில்–நின்றேன், கேள்–கேட்டேன், ஓடு–ஓடினேன். இறந்தகால இடைநிலை த், ட், ற், இன் என்று நன்னூல் பிரித்துச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டா நாம் பேசத் தொடங்கினோம்? நேற்று நடந்ததை அம்மாவிடம் சொல்லிச் சொல்லி வந்ததுதானே.

அதைத்தான் தரம் 9 படிக்கும் அக்காவின் மகளோடு செய்கிறேன். தினமும் மாலையில், நேற்று நடந்த ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். முதல் கதை கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் நிற்கும் மான்களைப் பற்றியது. நாங்கள் போனோம், வாழைப்பழம் வாங்கினோம், ஒரு மான் வந்தது, பையை இழுத்து எடுத்தது, தின்றது, ஓடியது. வென்ட், போட், கேம், டுக், ஏட், ரேன். ஆறு வினையும் ஒரு மானோடு கட்டுப்பட்டுவிட்டன. அதே கதையை மறுநாள் அம்மம்மாவுக்கு, அதற்கு மறுநாள் என் நண்பனுக்கு என்று சொல்லவைத்தேன். நடுவில் ‘ஈட்டட்’ என்றாள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளே சொல்கிற பிழை அது. கதை முடியும்வரை நான் வாய் திறக்கவில்லை.

‘டிட் யூ வென்ட்’ என்றால் மட்டும் அங்கேயே நிறுத்துவேன். டிட் வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சுமந்துவிடும், பின்னால் வருவது வெறும் ‘கோ’தான். ‘டிடின்ட்’டுக்கும் இதே கதை. நம் ஊரில் நன்றாகப் பேசுபவர்கள்கூடச் சறுக்கும் இடம் இது.

மான் கதை இப்போது அவளுக்கு அலுத்துவிட்டது. நேற்று கோணேசர் கோயிலடியில் ராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவை எட்டிப் பார்த்தபோது ஒற்றைச் செருப்பு கடலில் விழுந்த கதையைச் சொன்னாள். ஃபெல், லொஸ்ட், க்ரைட். அழுதது மட்டும் ‘ஈடி’ சேர்ந்த ஒழுங்கான வினை என்று அவளே கண்டுபிடித்துச் சிரித்தாள்.