சாவி வாங்கும் நேரம்

அன்புள்ள அக்கா,

நாலு மாதம் அலைந்து, அறுபதுக்கு மேல் விண்ணப்பம் போட்டு, ஹனோவரில் ஒரு வீடு கிடைத்துவிட்டது. ஒப்பந்தமும் போட்டாயிற்று. மூன்று மாத அட்வான்ஸை ஒரே தடவையில் கட்டச் சொல்கிறார் வீட்டுக்காரர். கட்டலாமா? முன்பு குடியிருந்தவர் தன் சமையலறை அலமாரிகளை என்னிடம் விற்கப் பார்க்கிறார். வாங்கலாமா? டிசம்பர் முதல் வெள்ளி, மாலை ஆறு மணிக்குச் சாவி. வீட்டின் நிலவரத்தை எழுதும் தாளை வீட்டுக்காரரே நிரப்பி அனுப்பிவிட்டார். அதில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

க.

அன்புள்ள க.,

வீடு கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அட்வான்ஸ் விஷயம் எளிது. ஜெர்மனியில் சூடேற்றும் செலவெல்லாம் சேராத வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டச் சட்டமே இடம் தருகிறது. முதல் தவணை குடியேறும்போது. அலமாரி உங்கள் விருப்பம்.

ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ என்னைத் தூங்கவிடவில்லை தம்பி.

2009 நவம்பரில் காசெல் நகரில் என் முதல் வீட்டுச் சாவியை வாங்கினேன். மாலை ஐந்தரை மணி, வெளியே கும்மிருட்டு. இங்கே காலி செய்கிறவர்கள் விளக்குகளையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. கூரையிலிருந்து இரண்டு வயர் மட்டும் தொங்கியது. வீட்டுக்காரர் டார்ச் அடித்துக்கொண்டே அறை அறையாக நடந்தார், நான் பின்னால் போனேன். ‘குறைகள் எதுவும் இல்லை’ என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். ஜெர்மன் அரைகுறையாகத்தான் புரியும், நிறுத்திக் கேட்கக் கூச்சம்.

மறுநாள் காலை வெயிலில் பார்த்தால், ஜன்னலோரம் ஹீட்டருக்குக் கீழே மரத்தரையில் கறுப்பாக ஒரு சூட்டுத் தழும்பு, ஒரு யூரோ நாணயம் அகலத்துக்கு. விரல் வைத்தால் குழி தட்டுப்பட்டது. அப்போதே ஒரு படம் எடுத்து அவருக்கு எழுதியிருக்கலாம். நான் அதன்மேல் ஒரு பாயை விரித்தேன். நாலு வருஷம் அந்தப் பாய் அங்கேயே கிடந்தது.

காலி செய்த அன்று பாயை எடுத்தேன். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், பையிலிருந்து என் கையெழுத்திட்ட தாளை எடுத்தார். புழங்கித் தேய்ந்ததற்கு வாடகைக்காரர் பொறுப்பில்லை. சூடுபட்ட தழும்பைத் தேய்மானம் என்று சொல்ல முடியுமா? அட்வான்ஸில் 420 யூரோ போயிற்று. பணத்தைவிட, நான் செய்யாத ஒன்றை நான்தான் செய்தேன் என்று என் கையெழுத்தே சொன்னது, அதுதான் இன்னும் ஆறவில்லை.

நீங்கள் கம்பெனியில் ஒரு தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவீர்களா? இங்கே மட்டும் ஏன் கை நீள்கிறது? வீடு கொடுத்தாரே மகராசன் என்ற நன்றிதானே? அறுபது பேர் மறுத்த பிறகு அந்த நன்றி வரும், எனக்கும் வந்தது. ஆனால் ஒப்பந்தம் போட்டாயிற்று, மாதாமாதம் வாடகை கொடுக்கப்போகிறீர்கள். ஒரு கீறலை எழுதச் சொன்னதற்காக யாரும் வீட்டைத் திருப்பிக் கேட்க முடியாது.

உடனே அவருக்கு எழுதி, சாவி வாங்கும் நேரத்தைப் பகலுக்கு மாற்றுங்கள். முடியாது என்றால் நல்ல டார்ச்சோடு போங்கள். குழாய்களைத் திறந்து பாருங்கள், ஜன்னல் பிடிகளைத் திருப்பிப் பாருங்கள், தரையில் மண்டிபோட்டுப் பாருங்கள். மின்சாரம், தண்ணீர், சூடேற்றி மீட்டர்களின் எண்களும் எத்தனை சாவி என்பதும் அந்தத் தாளில் ஏற வேண்டும். அவர் நிரப்பியது அப்படியே இருக்கட்டும், நீங்கள் கண்டதைக் கீழே எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். புரியாத வரிக்குக் கையெழுத்து வேண்டாம். ஊரில் உள்ள வாடகைதாரர் சங்கத்தில் சந்தா கட்டிச் சேர்ந்தால் தாள்களைப் படித்துச் சொல்வார்கள். எனக்கு அது அப்போது தெரியாது.

அப்புறம், நீங்கள் குடிவந்ததற்கு வீட்டுக்காரர் தரும் சான்றையும் அன்றே கேளுங்கள். 2015 நவம்பரிலிருந்து அது கட்டாயம். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங், அதாவது ஊர் அலுவலகத்தில் முகவரிப் பதிவு, செய்ய வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எழுதுங்கள். காசெலிலிருந்து ஹனோவருக்கு ஒரு மணி நேர ரயில்தான், நான் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா