கொம்புள்ள மான் சினைப்படுமா? – வாசகர் கேள்விகளுக்கு விலங்கு மருத்துவர் பதில்

மிருகக்காட்சி சாலையில் குட்டி பிறக்கப் போகிறதாமே, எப்போது? – மார்த்தாண்டம் வாசகர்

எந்த ஊர், எந்த மிருகம் என்று எழுத மறந்துவிட்டீர்கள். யானைக்கு 22 மாதம், நீர்யானைக்கு 8 மாதம், புலிக்கு மூன்றரை மாதம். இதில் எதைச் சொல்வது? போன மாதமும் இதே கையெழுத்தில் இதே கேள்வி வந்தது.

குழந்தைகளோடு திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்குப் போகிறோம். எந்த நாள் வசதி? – கொட்டாரம் வாசகி

திங்கள் தவிர எந்த நாளும் போகலாம். வண்டலூருக்குத்தான் செவ்வாய் விடுமுறை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பூட்டிய கேட்டில் போய் நிற்காதீர்கள்.

புதிதாக விலங்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனால் காட்ட மறுக்கிறார்கள். புலிக்குட்டியையும் அப்படித்தான் ஒளித்து வைக்கிறார்கள். ஏன்? – சுசீந்திரம் வாசகர்

ஒளித்து வைப்பதாக நினைக்காதீர்கள். வேறு ஊரிலிருந்து வந்த விலங்கு நோயோடு வந்திருக்கலாம், ஒரு மாதமாவது தனியாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். புலிக்குட்டி பிறக்கும்போது கண் திறந்திருக்காது, திறக்கப் பத்து நாள் போல ஆகும். முதல் ஈற்றுத் தாய் சத்தத்தில் மிரண்டால் குட்டியைக் கைவிட்டுவிடும், தின்றுவிடுவதும் உண்டு. டாக்டரே கேமராவில்தான் பார்க்கிறார், நீங்களும் கொஞ்சம் எட்டி நில்லுங்கள்.

உதயகிரிக் கோட்டைப் பூங்காவில் பெரிய கொம்போடு ஒரு புள்ளிமான் வயிறு பெருத்து நிற்கிறது. சினை என்று நினைத்துப் பிள்ளைகள் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தார்கள், ஆசையாகச் சாப்பிட்டது. நல்லதுதானே? – தக்கலை வாசகர்

ஐயா, அது ஆண். புள்ளிமானில் கொம்பு ஆணுக்கு மட்டும்தான், அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை உதிர்ந்து முளைக்கும். கிடா எங்கே சினைப்படும்? வயிறு பெருத்திருந்தால், உங்களைப் போல நாலு பேர் நீட்டிய தீனிதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

மான் மாட்டைப் போல அசைபோடும் பிராணி. முதல் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் புல்லுக்கும் இலைக்கும் பழகியவை. மாவுப்பண்டமும் எண்ணெய்ப் பலகாரமும் போனால் உள்ளே புளித்து, அமிலம் ஏறி, வயிறு உப்பிப் படுத்துவிடும். அதைவிடக் கெடுதல் சிப்ஸ் கவர். உப்பு ருசிக்கு நக்கும், அப்படியே விழுங்கும். விழுங்கியது முன்னாலும் போகாது, பின்னாலும் வராது.

நான் பணியில் இருந்தபோது, ஊர் பேர் வேண்டாம், ஒரு பிணைமான் இறந்தது. ஏழு மாதம் தாண்டிய சினை, இன்னும் ஒன்றிரண்டு வாரத்தில் ஈன்றிருக்கும். அறுத்துப் பார்த்தால் இரைப்பையில் தேங்காய் அளவுக்குக் கவர் உருண்டை. கருப்பையில் குட்டி, புள்ளியெல்லாம் விழுந்து, குளம்போடு முழுசாக இருந்தது. அன்று சாயங்காலம் அதே வேலியில் ஒரு அப்பா பிள்ளையைத் தோளில் வைத்து முறுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். நான் சத்தம் போட்டேன். "ஒரு முறுக்குதானே சார்" என்றார். ஆயிரம் பேர் வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு முறுக்கு என்றால் எத்தனை முறுக்கு, கணக்குப் போடுங்கள்.

தீனி கீப்பர் போடுவார். நீங்கள் வேலிக்கு எட்டி நில்லுங்கள். அப்புறம், புதரில் மான்குட்டி தனியாகக் கிடந்தால் அநாதை என்று தூக்காதீர்கள். தாய்தான் அங்கே படுக்க வைத்துவிட்டு மேயப் போயிருக்கும்.

கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி போடும் என்கிறார்கள். நிஜமா? – குலசேகரம் வாசகர்

நிஜம். ஒரே ஈற்றில் இருபது முப்பது சாதாரணம். பிறந்த குட்டிக்கே விஷம் உண்டு. விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் டார்ச் இல்லாமல் சருகில் கால் வைக்கக் கூடாது. பார்த்தால் எட்டி நில்லுங்கள்.

பட்டுப்போன தென்னைப் பொந்தில் கிளிக்குஞ்சு எடுத்தேன். என்ன தீனி கொடுக்கலாம்? – ராஜாக்கமங்கலம் வாசகர்

நாட்டுக்கிளி வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எடுத்த பொந்திலேயே இன்றே வையுங்கள், தாய் தேடி வரும். மரம் விழுந்துவிட்டதென்றால் நாகர்கோவில் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். கூண்டு வாங்கிவிட்டேன் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ரசீது இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்.