தபாலில் வந்த வேர்க்கட்டு சாகவில்லை, தம்பி

ஸ்காட்லாந்தின் டண்டீக்கு வந்த முதல் வசந்தத்திலேயே ஸ்ட்ராபெரி வளர்க்க ஆசைப்பட்டு, கடைசிப் பருவத்தில் பழுக்கிற மால்வினா ரகத்தை வரவழைத்திருக்கிறீர்கள். பார்சலைப் பிரித்தால் மண்ணும் இல்லை, இலையும் இல்லை, வெறும் வேர்தான் இருக்கிறது, ஏமாற்றிவிட்டார்களா, வாடகை வீட்டில் தொட்டியில் வருமா என்று கேட்கிறீர்கள்.

ஏமாற்றவில்லை தம்பி, இங்கே இப்படித்தான் விற்பார்கள். பார்க்க வெட்டிவேர்க் கட்டு மாதிரிதான் இருக்கும். வேரும் இலைக்காம்பும் சேருகிற இடத்தில் கட்டையாக ஒரு குருத்து இருக்கும், அதை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று அமுங்கினால் மட்டும் படம் எடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

நடுவதற்கு ஓரிரண்டு நாள் ஆகும் என்றால் ஈரத்தாளில் சுற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். நடுகிற அன்று ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறட்டும். வேர் ரொம்ப நீளமாக இருந்தால் அரைச் சாண் விட்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். மடக்கித் திணிக்காதீர்கள். குழிக்குள் மண்ணைச் சின்ன மேடாகக் குவித்து, அதன்மேல் வேரை விரித்துவிட்டு மூடுங்கள். குருத்து சரியாக மண்மட்டத்தில் நிற்க வேண்டும், இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். உள்ளே போனால் இந்த ஊர் மழைக்கு அழுகும், மேலே நின்றால் காய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றியதும் மண் இறங்கும், அப்புறம் இன்னொரு முறை பாருங்கள். தொட்டி தாராளமாகப் போதும்: 30 செ.மீ. அகலத்தில் மூன்று செடி. தரையில் வைத்தால் ஒன்றரை அடி இடைவெளி, அதுவும் உருளைக்கிழங்கோ தக்காளியோ இருந்த இடம் வேண்டாம், அவற்றின் வாடல் நோய் மண்ணில் தங்கி இதற்கும் வரும்.

பிந்திய ரகம் எடுத்தது நல்லதுதான். மே மாதத்திலும் இங்கே உறைபனி விழும். விரிந்த பூவில் பட்டால் இதழ் வெள்ளையாகவே இருக்கும், நடுவிலிருக்கும் மஞ்சள் மட்டும் கறுத்துப்போகும், அந்தப் பூ காய்க்காது. மால்வினா தாமதமாகப் பூப்பதால் பெரும்பாலும் தப்பிக்கும். குளிர் அறிவிப்பு வந்தால் ராத்திரிக்குச் செடிக்கென்றே விற்கிற மெல்லிய ஃப்ளீஸ் துணி போர்த்தி, தேனீ வர காலையில் எடுத்துவிடுங்கள். முதல் வருடப் பூக்களைக் கிள்ளிவிட்டால் செடி பலமாகும் என்பார்கள், உண்மைதான், ஆனாலும் எல்லாவற்றையும் கிள்ள எனக்கு மனசு வராது, ஒரு செடியிலாவது விட்டுவைப்பேன்.

பழம் முடிந்ததும் செடியை மறந்துவிடாதீர்கள். அடுத்த வருடப் பூமொட்டு இந்த இலையுதிர் காலத்தில், பகல் குறைந்து குளிர் ஏறும்போதுதான் உள்ளே உருவாகிறது. அப்போது தொட்டி காய்ந்து கிடந்தால் அடுத்த கோடையில் வெறும் இலைதான்.

ஒரே ஒரு சிக்கல். இந்த ரகம் பழுப்பது ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் வாக்கில். நம் ஆட்கள் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் பறக்கும் நேரமும் அதுதான். போவதாக இருந்தால் வலை கட்டிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் பிளாக்பேர்ட் என்கிற கறுப்புப் பறவை ஒரு பழம்கூட மிச்சம் வைக்காது. தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள், பழத்தை அவர்களே பறித்துக்கொள்ளட்டும் என்றால் சந்தோஷமாக ஊற்றுவார்கள்.