ஃபரினா: பெயரில் மாவு, ஊரில் செம்மண்
தென் ஆஸ்திரேலியாவில் பாழடைந்து கிடக்கும் ஃபரினாவுக்கு 'மாவு' என்று ஏன் பெயர் வந்தது, மகளின் பள்ளிக் கட்டுரைக்கு வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பெயரிலேயே முழுக் கதையும் இருக்கிறது.

1865-இல் கோய்டர் என்ற நில அளவையாளர் ஒரு எல்லைக்கோடு வரைந்து, அதற்கு வடக்கே மழையை நம்பிப் பயிர் செய்ய முடியாது என்றார். 1870-களில் நல்ல மழை பெய்ததும் அந்த எச்சரிக்கையை மறந்துவிட்டார்கள். நிலத்தை உழுதால் மழை தானாக வரும் என்றுகூடப் பலர் நம்பினார்கள்! 1878-இல் கோதுமைக் கனவோடு ஊரை அளந்து, மாவைக் குறிக்கும் லத்தீன் சொல்லையே சூட்டினார்கள். வறட்சி திரும்பியது. 1882-இல் வந்த ரயில்தான் ஊரைத் தாங்கியது. பிற்காலத்தில் அதுவும் நின்றது.

அப்புறம், தரைக்கடியில் உள்ள பழைய ரொட்டி அடுப்பைப் பற்றிக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் தன்னார்வலர்கள் வந்து அதில் ரொட்டி சுடுகிறார்கள்.